லோடு டெஸ்டில் சிக்காத டெட்லாக்: மாடல் செக்கிங் உதவுமா?

வரிசைக்காரன்

எங்கள் சர்வரின் நடுவில் ஒரு கியூ இருக்கிறது. அளவு வரையறுத்த பஃபர், ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும்), ஒரே ஒரு கண்டிஷன் வேரியபிள் (காத்திருப்பவர்கள் உறங்கும் இடம்). போட வரும் திரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் ஓட்டங்களில் ஒன்று), பஃபர் நிரம்பியிருந்தால் காத்திருக்கும். எடுக்க வரும் திரெட், காலியாக இருந்தால் காத்திருக்கும். போட்டாலும் எடுத்தாலும் முடிந்ததும் ஒரு நோட்டிஃபை. காத்திருப்பவர்களில் யாரோ ஒருவர் எழுவார். காத்திருப்பு வைல் லூப்புக்குள்தான் இருக்கிறது, இஃப் இல்லை; எழுந்தவர் பஃபரை மறுபடி பார்ப்பார். அதைப் பார்த்துவிட்டேன், அங்கிருந்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

பிரச்சினை இதுதான். எப்போதாவது ஒருநாள் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது: டெட்லாக். சிபியு சும்மா இருக்கும். திரெட் டம்ப் எடுத்தால் அத்தனை திரெட்டும் வெயிட்டில். ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். லோடு டெஸ்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் இது வருவதில்லை.

கூட வேலை பார்ப்பவர் "டிஎல்ஏ பிளஸ்ஸில் எழுதிப் பார்" என்கிறார். நிரலின் மாடலை எழுதி, அது அடையக்கூடிய எல்லா நிலைகளையும் கருவியால் சோதிக்க உதவும் மொழி அது. எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இவ்வளவு சின்ன விஷயத்துக்கு முறைசார் சரிபார்ப்பு தேவையா? இரண்டு, மாடல் சரி என்று கருவி சொன்னாலும் என் நிரல் சரி என்று எப்படி ஆகும்?

கறார்க்கந்தன்

நோட்டிஃபையை எடுத்துவிட்டு நோட்டிஃபை ஆல் போடுங்கள், முடிந்தது. கூடவே திரெட் சானிடைசர் ஓட்டுங்கள். முறைசார் சரிபார்ப்பெல்லாம் விண்கலம் விடுபவர்களுக்கும் ஆய்வேடு எழுதுபவர்களுக்கும். ஒரு கியூவுக்கு லாஜிக் படிக்கச் சொல்வது டூமச்.

நிலைவரைவு

கறார் சொன்ன மாற்றம் வேலை செய்யும். ஆனால் ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் மாற்றினால், "எல்லோரையும் எழுப்புவது வீண்" என்று இன்னொருவர் வந்து திரும்ப மாற்றிவிடுவார். திரெட் சானிடைசர் இங்கே எதையும் காட்டாது. அது தேடுவது டேட்டா ரேஸ், அதாவது லாக் எதுவும் இல்லாமல் ஒருவர் எழுதும் டேட்டாவை அதே நேரத்தில் இன்னொருவர் தொடுவது. உங்கள் பஃபரை எல்லோரும் லாக்குக்குள்தான் தொடுகிறார்கள். அங்கே ரேஸ் என்று எதுவும் இல்லை.

பஃபர் அளவு 1 என்று வையுங்கள். போடுவது ஒரு திரெட் (போ), எடுப்பது இரண்டு (எ1, எ2). ஆரம்பத்தில் பஃபர் காலி.

1. எ1 வருகிறது, காலி, உறங்குகிறது.
2. எ2 வருகிறது, காலி, உறங்குகிறது.
3. போ ஒன்றைப் போடுகிறது. நோட்டிஃபை எ1-ஐ எழுப்புகிறது.
4. எ1 லாக்கைப் பிடிப்பதற்குள் போ இன்னொன்றைப் போட வருகிறது. நிரம்பியிருக்கிறது, உறங்குகிறது.
5. எ1 எடுக்கிறது. இப்போது நோட்டிஃபை. உறங்குவது எ2, போ இருவரும். எழுப்பப்படுவது எ2.
6. எ1 அடுத்ததை எடுக்க வருகிறது, காலி, உறங்குகிறது.
7. எ2 கண் விழித்துப் பார்க்கிறது, காலி, மறுபடி உறங்குகிறது.

மூவரும் உறக்கம். எழுப்ப ஆள் இல்லை. வைல் லூப் இருந்தும் இது நடக்கும். கோளாறு ஐந்தாம் படியில்: இடம் காலியான செய்தி போய்ச் சேர வேண்டியது போடுபவருக்கு, போனது எடுப்பவருக்கு. இரண்டு விதமான ஆட்கள் ஒரே கண்டிஷன் வேரியபிளில் காத்திருக்கும்போது ஒருவரை மட்டும் எழுப்பினால் இப்படித் தவறான கதவைத் தட்டும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த டெட்லாக் வர, மொத்தத் திரெட் எண்ணிக்கை பஃபர் அளவின் இரு மடங்கை விட அதிகமாக இருக்க வேண்டும். அளவு 1 என்றால் 3 திரெட் போதும். அளவு 2 என்றால் 5 வேண்டும். உங்கள் எண்கள் என்ன?

வரிசைக்காரன்

பஃபர் 16. டெஸ்டில் 12 + 12, ஆக 24 திரெட். நிஜ சர்வரில் 40.

அப்படியென்றால் அந்த டெஸ்டை ஒரு வருடம் ஓட்டியிருந்தாலும் வந்திருக்காது!

நிலைவரைவு

வந்திருக்காது. 24 என்பது 32-ஐத் தாண்டவில்லை. டெஸ்டில் இந்த டெட்லாக் அரிது என்பதல்ல, அந்த அமைப்பில் அது கிடையவே கிடையாது.

இரு மடங்கு ஏன் என்பதற்கு ஒரு கோணம்: நிரம்பிய பஃபர், ஒரே எடுப்பவர், போடுபவர்கள் எல்லோரும் உறக்கம் என்று ஆரம்பியுங்கள். எடுப்பவர் 16-ஐயும் எடுத்து 16 பேரை எழுப்பிவிட்டு, காலி என்று தானும் உறங்கிவிடுகிறார். அந்த 16 பேர் போடும்போது எழும் 16 நோட்டிஃபையும் மீதமிருக்கும் போடுபவர்களிடமே வீணாக வேண்டும். ஆக 32 போடுபவர்கள், ஒரு எடுப்பவர்: 33.

புதுநிரல்

இதை யாராவது மண்டையில் யோசித்துக் கண்டுபிடித்தார்களா, கருவி சொன்னதா? அப்புறம் 16 அளவு, 40 திரெட் என்று கொடுத்தால் கருவி தாங்குமா? நிலைகள் வெடித்துவிடும் என்று படித்திருக்கிறேன்.

நிலைவரைவு

அந்த ஏழு படி மாதிரியான தடத்தை டிஎல்ஏ பிளஸ்ஸின் மாடல் செக்கரான டிஎல்சி நொடிகளில் துப்பும். அது நிலைகளை அகலவாக்கில் தேடுவதால் முதலில் கிடைக்கும் தடமே மிகக் குறுகியதாகவும் இருக்கும். தேவையில்லாத படி ஒன்றுகூட இருக்காது.

40 திரெட்டைக் கொடுக்க வேண்டாம். 1, 2, 3 என்று சின்ன எண்களைக் கொடுங்கள். எது எதற்கு டெட்லாக் வருகிறது என்று பார்த்தாலே அந்த இரு மடங்கு விதி கண்ணில் படும். அதன்பிறகு எல்லா எண்ணுக்கும் அது உண்மை என்று காட்ட வேண்டுமானால் நிரூபணம் தேவை. மாடல் செக்கர் கொடுத்த எண்ணுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

வெடிப்பு பற்றி. இரண்டு திரெட், ஆளுக்கு 10 படி என்றால் அவை பின்னிக்கொள்ளும் வகைகள் 1,84,756. மூன்று திரெட் ஆனால் சுமார் 5.5 லட்சம் கோடி. டெஸ்ட் இதில் ஒரு கை அள்ளிப் பார்க்கிறது, அதுவும் ஷெட்யூலருக்குப் பிடித்த வகைகளையே திரும்பத் திரும்ப. மாடல் செக்கர் வழிகளை எண்ணுவதில்லை, நிலைகளை எண்ணுகிறது. எந்த வழியில் வந்தாலும் ஒரே நிலைதான் என்றால் ஒருமுறைதான் பார்க்கும். ஆளுக்கு 10 படி உள்ள மூன்று திரெட்டும் எங்கெங்கே நிற்கலாம் என்று பார்த்தால் 11 × 11 × 11, அதாவது 1,331 தான். மாறிகளின் மதிப்புகள் அதைப் பெருக்கும், உண்மை. ஆனாலும் 5.5 லட்சம் கோடி எங்கே, இது எங்கே. இதற்கு மேல் சிமெட்ரி, பார்ஷியல் ஆர்டர் ரிடக்‌ஷன் என்று சுமையைக் குறைக்கும் உத்திகளும் இருக்கின்றன. ஒரே மாதிரித் திரெட்டுகளில் எது எ1, எது எ2 என்பது முக்கியமில்லை என்று சொல்லிவிட்டாலே பாதி பாரம் குறையும்.

கறார் அவர்களுக்கு: விண்கலம் மட்டுமல்ல. அமேசான் வெப் சர்வீசஸ் 2011 முதல் டிஎல்ஏ பிளஸ் பயன்படுத்துகிறது. 2015-இல் அவர்களே எழுதிய கட்டுரையில் தங்கள் டேட்டாபேஸான டைனமோடிபியில் கிடைத்த ஒரு பிழை பற்றிச் சொல்கிறார்கள்: அதை வெளிக்கொண்டுவரும் மிகக் குறுகிய தடமே 35 படி. வடிவமைப்பு ரிவ்யூ, கோடு ரிவ்யூ, டெஸ்ட் எல்லாவற்றையும் அது தாண்டியிருந்தது. நம் ஏழு படியையே பலருக்குப் பேப்பரில் வரைந்தால்தான் புரியும். 35 படியை யார் மண்டையில் ஓட்டுவது?

கறார்க்கந்தன்

சரி, ஏழு படித் தடம் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்ட இரண்டாம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாடல் வேறு, நிரல் வேறு. இயங்கும் நிரலையே நிரூபித்தார்கள் என்று எல்லோரும் காட்டுவது எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கெர்னல். 2009, சுமார் 8,700 வரி சி, நிரூபணத்துக்குச் சுமார் 20 ஆள்-ஆண்டு உழைப்பு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அந்த நிரூபணம் ஒரே பிராசசர் கோருக்குத்தான். கெர்னலுக்குள் இன்டரப்ட்டை (வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டை) அணைத்துவிட்டு, தாங்கள் தேர்ந்த சில இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள். கன்கரன்சியை (பல ஓட்டங்கள் ஒரே நேரத்தில் பின்னிக்கொள்வதை) தவிர்த்ததால்தான் நிரூபிக்கவே முடிந்தது. இந்த இழையின் தலைப்புக்கு அது ஆதாரமா, எதிராதாரமா?

மறைமாறி

எஸ்இஎல்4 பற்றிச் சொன்னது சரி. ஆனால் கதை 2009-இல் நிற்கவில்லை. 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தின் செர்ட்டிகோஸ் குழு பல கோர்களில் ஓடும், நுண்ணிய லாக்குகள் கொண்ட கெர்னலை, நிரூபணங்களைச் சரிபார்க்கும் காக் கருவியில் நிரூபித்தது. சி, அசெம்பிளி சேர்த்து சுமார் 6,500 வரி.

கன்கரன்ட் நிரூபணம் ஏன் கடினம் என்பதற்கு ஒரு குட்டி உதாரணம். ஒரு மாறி, ஆரம்பத்தில் 0. இரண்டு திரெட், ஒவ்வொன்றும் அதை அணுப்படியாக (நடுவில் யாரும் புக முடியாதபடி) ஒருமுறை 1 கூட்டுகிறது. முடிவில் 2. குழந்தைக்கும் தெரியும். இதை ஹோர் லாஜிக் பாணியில் (ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் எது உண்மை என்று எழுதி), அந்த ஒரு மாறியை மட்டும் வைத்து, திரெட்டுக்குத் திரெட் தனித்தனியாக நிரூபிக்கப் பாருங்கள், முடியாது. முதல் திரெட்டின் பார்வையில் தொடக்க மதிப்பு 0 அல்லது 1. தான் கூட்டிய பிறகு 1 அல்லது 2. மற்றவருக்கும் அதே. இரண்டையும் சேர்த்தால் "1 அல்லது 2" என்றுதான் வருகிறது. மற்றவர் கூட்டியாகிவிட்டதா என்ற செய்தி எங்கும் பதிவாகவில்லை.

சூசன் ஓவிக்கியும் டேவிட் கிரைஸும் 1976-இல் கொடுத்த தீர்வு: நிரலில் இல்லாத, நிரூபணத்துக்காக மட்டும் சேர்க்கும் மாறிகள். இந்தத் திரெட் எத்தனை கூட்டியது, அந்தத் திரெட் எத்தனை கூட்டியது என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எப்போதும் இரண்டின் கூட்டல் என்பது மாறாநிலை. உடனே 2 வந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் முறையில் ஒரு திரெட்டின் ஒவ்வொரு கூற்றையும் மற்றவரின் எந்தப் படியும் கெடுக்கவில்லை என்று காட்ட வேண்டும். திரெட் கூடக் கூட அந்த வேலை பெருகும். கிளிஃப் ஜோன்ஸின் ரிலை-கேரன்டியும், பிறகு வந்த கன்கரன்ட் செபரேஷன் லாஜிக்கும் அந்தப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த எழுந்தவைதான். பிந்தையதற்காக ஸ்டீபன் புரூக்ஸுக்கும் பீட்டர் ஓஹெர்னுக்கும் 2016-இல் கோடல் பரிசு கிடைத்தது. அதன் அடிப்படை எண்ணம் நடைமுறை நிரலருக்கும் பழக்கமானதே: லாக்கைப் பிடித்தவருக்கு அந்த டேட்டாவின் உரிமை கைமாறுகிறது, விடும்போது திரும்பத் தருகிறார், தரும்போது மாறாநிலை நிலைத்திருக்க வேண்டும். உரிமை இல்லாததை யாரும் தொடுவதில்லை என்பதால் ஒவ்வொருவரையும் தனியாகச் சிந்திக்கலாம்.

ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். ஆனால் ரஸ்ட் டைப் சிஸ்டம் தடுப்பது டேட்டா ரேஸை. நம் ஏழு படி டெட்லாக் ரஸ்ட்டில் எழுதினாலும் அப்படியே வரும்.

இளவேனில்

மாடல் - நிரல் இடைவெளியில் யாரும் தொடாத ஒன்று: மெமரி மாடல், அதாவது ஒரு திரெட் எழுதியது மற்றவருக்கு எப்போது தெரியும் என்ற விதி. டிஎல்ஏ பிளஸ்ஸில் சாதாரணமாக எழுதினால் ஒரு படியில் நடந்த மாற்றம் அடுத்த படியில் எல்லோருக்கும் தெரியும். நிஜப் பிராசசரில் அப்படி இல்லை.

பாடப்புத்தக உதாரணமே எடுங்கள். இருவரில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பீட்டர்சன் அல்காரிதம், 1981. இரண்டு திரெட்டும் "நான் உள்ளே வரப்போகிறேன்" என்று தன் கொடியை எழுதி, முறையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து, பிறகு அவர் கொடியைப் படிக்க வேண்டும். மாடலில் இது பிழையற்றது. எந்தச் செக்கரும் ஒப்புக்கொள்ளும். எக்ஸ்86 பிராசசரில் ஃபென்ஸ் (படிகளின் வரிசையைக் காக்கும் கட்டளை) இல்லாமல் அப்படியே எழுதினால் உடையும். எழுதிய கொடி மெமரிக்குப் போகாமல் ஸ்டோர் பஃபரில் கிடக்கும்போதே படிக்கும் வேலை முந்திவிடலாம். இருவரும் மற்றவர் கொடி கீழே இருப்பதாகப் பார்த்துவிட்டு இருவரும் உள்ளே. எக்ஸ்86 இந்த விஷயத்தில் சாது என்று பெயர் வாங்கியது, ஆர்ம் இன்னும் தாராளம்.

வரிசைக்காரன், உங்கள் பஃபர் முழுக்க லாக்குக்குள் இருப்பதால் இந்தப் பயம் இல்லை. டேட்டா ரேஸ் இல்லாத நிரல் படிகள் வரிசையாகப் பின்னியது போலவே நடக்கும் என்று ஜாவா 5 முதலும் சி பிளஸ்பிளஸ் 11 முதலும் மொழியே உறுதி தருகிறது. ஆனால் லாக்குக்கு வெளியே படிக்கும் கொடி ஏதாவது இருக்கிறதா? "நிறுத்து" மாதிரி?

வரிசைக்காரன்

இருக்கிறது. ஷட்டவுன் கொடி. லாக் இல்லாமல்தான் படிக்கிறோம்.

இளவேனில்

அதை ஜாவா என்றால் வொலட்டைல், சி பிளஸ்பிளஸ் என்றால் அட்டாமிக் ஆக்குங்கள், இல்லையேல் லாக்குக்குள் கொண்டுவாருங்கள். அது வரை உங்கள் மாடல் அந்தக் கொடியைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். மாடலுக்குப் பதில் நிரலையே துருவ வேண்டுமென்றால் சி-க்கு ஜென்எம்சி, ரஸ்ட்டுக்கு லூம் போன்றவை இருக்கின்றன. இவை திரெட் பின்னல்களோடு மெமரி மாடல் அனுமதிக்கும் விசித்திரங்களையும் சேர்த்துத் தேடும். சின்ன டெஸ்டுக்குத்தான் தாங்கும், ஆனால் ஒரு கியூ சின்னதுதானே.

கறார்க்கந்தன்

இன்னொரு குண்டு போட்டுவிட்டுப் போகிறேன். 2017-இல் ஓர் ஆய்வு, பல கணினிகளில் பரந்து ஓடும், நிரூபிக்கப்பட்ட மூன்று விநியோக அமைப்புகளைச் சோதித்தது. அயர்ன்ஃப்ளீட், வெர்டி, சாப்பர். 16 பிழை கிடைத்தது. நிரூபித்த அமைப்பில்!

மறைமாறி

படித்திருக்கிறேன். அந்த 16 எங்கே கிடைத்தன என்பதையும் சொல்லுங்கள். நிரூபிக்கப்பட்ட நெறிமுறையில் ஒன்றுகூட இல்லை. நெட்வொர்க்கோடும் ஃபைலோடும் பேசும் நிரூபிக்காத இடைப்பகுதியில், விவரக்குறிப்பில், சரிபார்க்கும் கருவியில். அதாவது "இது இப்படித்தான் நடக்கும்" என்று அனுமானித்த இடங்களில். நெறிமுறைப் பிழைதான் பிடிக்கக் கடினமானது. அது இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்தான்.

எல்லை எங்கே என்பதற்கு இதைவிடக் கூர்மையான கதை நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலம். அதன் ரிமோட் ஏஜென்ட் மென்பொருளின் ஒரு பகுதியை 1997-இல் ஸ்பின் மாடல் செக்கரால் சோதித்து ஐந்து கன்கரன்சி பிழைகளைப் பிடித்தார்கள். 1999 மே மாதம், விண்ணில் பறக்கும்போது, ரிமோட் ஏஜென்ட் டெட்லாக்கில் நின்றது. ஒரு கிரிட்டிக்கல் செக்‌ஷன் விடுபட்டிருந்தது, அதாவது ஒருவர் மட்டும் நுழைய வேண்டிய பகுதி காக்கப்படவில்லை. ஐந்தில் ஒன்று ஏற்கனவே அதே வகைப் பிழை! ஆனால் நின்றது சோதிக்காத வேறொரு பகுதியில். கருவி குறை வைக்கவில்லை. கருவிக்குக் காட்டாத இடத்தில் பிழை இருந்தது.

புதுநிரல்

நடுவில் ஒரு கேள்வி. நோட்டிஃபை ஆல் போட்டால் டெட்லாக் போய்விடும், சரி. ஆனால் ஒரே ஒரு எடுக்கும் திரெட் மட்டும் எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தால்?

நிலைவரைவு

அது வேறு வகைப் பண்பு. "கெட்டது ஒருபோதும் நடக்காது" என்பது சேஃப்டி, "நல்லது என்றாவது நடக்கும்" என்பது லைவ்னஸ். டெட்லாக் இல்லை என்பது முதல் வகை. குறிப்பிட்ட எ2-க்கு என்றாவது ஒன்று கிடைக்கும் என்பது இரண்டாம் வகை, அது நோட்டிஃபை ஆல் போட்டாலும் உறுதியில்லை. எ1 ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்ளும் முடிவற்ற ஓட்டம் ஒன்றைக் கருவி காட்டும். அதைத் தவிர்க்க, லாக் ஏதோவொரு நியாயத்தோடு கொடுக்கப்படுகிறது என்று மாடலில் ஃபேர்னஸ் அனுமானம் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் கருவி பச்சை விளக்குக் காட்டும். உங்கள் லாக் நிஜமாகவே அப்படி நியாயமானதா என்பதை லைப்ரரி ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான லாக்குகள் இயல்பில் அப்படி இல்லை.

வேலைக்கார திரெட்டுகளில் யாருக்குக் கிடைத்தாலும் பரவாயில்லை என்றால் இதை விட்டுவிடலாம்.

வரிசைக்காரன்

நிலவரம் சொல்கிறேன். நோட்டிஃபை ஆல் வேண்டாம் என்று முடிவு செய்து, இரண்டு கண்டிஷன் வேரியபிளாகப் பிரித்தோம்: "காலியில்லை", "இடமிருக்கிறது". அந்தந்த ஆளுக்கு அந்தந்தக் கதவு. மாடல் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. டெட்லாக் இல்லை.

அப்புறம், எங்கள் நிரலில் காலவரம்புள்ள "எடு" ஒன்று இருப்பது ஞாபகம் வந்து அதையும் சேர்த்தேன். பஃபர் 1-க்கு உடனே டெட்லாக் தடம் வந்தது. எ1 காலவரம்போடு உறங்குகிறது, எ2 சும்மா உறங்குகிறது. போ ஒன்றைப் போட்டு எ1-ஐ எழுப்புகிறது. அதற்குள் எ1-இன் நேரம் முடிந்துவிட்டது. அது விழித்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பிவிடுகிறது. பொருள் பஃபரில், எ2 உறக்கத்தில், அடுத்ததைப் போட வந்த போவும் உறக்கத்தில்.

16 அளவில் இது முழுதாக நிற்காது என்று நினைக்கிறேன். அடுத்த பொருள் வந்ததும் எ2 எழுந்து இரண்டையும் எடுத்துவிடும். ஆனால் சில வேலைகள் காரணமே இல்லாமல் அடுத்த வேலை வரும்வரை அசையாமல் கிடப்பதாக ஒரு பழைய டிக்கெட் திறந்தபடியே இருக்கிறது. இதுவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

நிலைவரைவு

அதுவேதான் என்று பந்தயம் கட்டலாம். திருத்தம்: காலவரம்பு முடிந்து விழித்தாலும், லாக் கையில் இருக்கும்போதே பஃபரை ஒருமுறை பாருங்கள். பொருள் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், கடிகாரம் என்ன சொன்னாலும். எடுக்காமல் போக வேண்டிய கட்டாயம் இருந்தால், போகும் முன் "காலியில்லை" மீது நீங்களே ஒரு நோட்டிஃபை அடித்துவிட்டுப் போங்கள்.

மறைமாறி

டெட்லாக்கை மட்டும் தேடினால் 16 அளவில் இந்தக் கோளாறு தெரியாது. இந்த மாறாநிலையைச் சேருங்கள்: எடுப்பவர் ஒருவராவது உறங்கினால், எழுப்பப்பட்டு இன்னும் லாக்கைப் பிடிக்காத எடுப்பவர்களின் எண்ணிக்கை பஃபரில் உள்ள பொருள்களின் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. "பொருள் இருந்தால் ஒருவராவது வந்துகொண்டிருக்க வேண்டும்" என்று தளர்த்தியும் எழுதலாம், திருத்திய நிரலில் அதுவும் உண்மைதான். ஆனால் அந்தத் தளர்ந்த வடிவத்திலிருந்து ஒரு படி நகர்ந்தால் அதுவே நிலைக்கும் என்று காட்ட முடியாது. இரண்டு பொருள் இருக்கும்போது வந்துகொண்டிருந்த ஒரே ஆள் ஒன்றை எடுத்தால் கணக்கு உடைகிறது. எண்ணும் வடிவம் ஒவ்வொரு படியிலும் தானே நிலைக்கும். போடும்போது இரு பக்கமும் ஒன்று கூடும், எழுப்பப்பட்டவர் எடுக்கும்போது இரு பக்கமும் ஒன்று குறையும், புதிதாக உறங்கப் போகிறவர் பஃபர் காலியானால்தான் போகிறார். எந்த அளவுக்கும், எத்தனை திரெட்டுக்கும் இது பொருந்தும்.

வரிசைக்காரன்

சேர்த்தேன். பழைய காலவரம்பு நிரலை 3 அளவுக்கு ஓட்டியதும் மாறாநிலை உடைந்தது, டெட்லாக் வரும்வரை காத்திருக்கவே இல்லை. திருத்திய நிரலில் நிலைக்கிறது. ஷட்டவுன் கொடியையும் லாக்குக்குள் இழுத்துவிட்டேன். இனி அதையும் மாடலில் சேர்க்க வேண்டும், அங்கே எல்லோரையும் எழுப்பித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கறார்க்கந்தன்

ஷட்டவுனில் இரண்டு கண்டிஷன் வேரியபிளிலும் நோட்டிஃபை ஆல். ஒன்றில் மட்டும் அடித்துவிட்டு இன்னொன்றை மறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடலையும் நிரல் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள், யாராவது கியூவைத் தொட்டால் ரிவ்யூவில் இரண்டும் சேர்ந்து வரட்டும்.